பயண நோக்கம் தெளிவாக இல்லை

மார்ச் 2

இன்று நூற்றுப் பன்னிரண்டு பாஸ்போர்ட்டுகளில் 'அந்த நாட்டுக்குச் செல்லாது' என்று முத்திரை குத்தினேன். பதினான்கு வருடமாக இதே வேலை. தோள்வலிக்குப் போன இடத்தில் டாக்டர் என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். "ஓ, அடிக்கிற வேலையா?" என்றார். ஒரு வகையில் ஆமாம்.

அக்கா அந்த நாட்டில்தான் இருக்கிறாள். தடை வருவதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால், "என்னக்கா பண்றது, கவர்மென்ட் விட மாட்டேங்குதே" என்பேன். அவளும் உச்சுக் கொட்டுவாள். அத்தோடு அந்த வாரம் முடிந்தது.

மார்ச் 9

தடையை நீக்கிவிட்டார்கள்!

பதினொரு மணிக்குச் சுற்றறிக்கை வந்தது. மேலாளர் முத்திரையை ஒப்படைக்கச் சொன்னார். பிடி ஏன் தேய்ந்திருக்கிறது என்று விளக்கம் வேண்டுமாம். 'அரசாணைப்படி குத்தியதால்' என்று எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். "இனிமே என்னங்க, கெளம்ப வேண்டியதுதானே!"

"லீவு கிடைக்கணுமே" என்று முனகிவிட்டுக் கைகால் கழுவப் போனேன்.

மார்ச் 10

இந்த நோட்டிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஒன்பது வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது அக்காவுக்கு நான் உடனே சொல்லவில்லை. அவள் வந்திருக்கலாம். தடை எங்களுக்குத்தான், அவள் அந்த நாட்டுக் குடிமகள். 'அம்மாவை என் தலையில கட்டிட்டுப் போனவதானே, இப்ப மட்டும் எதுக்கு வரணும்' என்று ஒரு வீம்பு. பன்னிரண்டு நாள் கழித்துச் சொன்னேன். "லைனே கெடைக்கலக்கா" என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. சே, நானெல்லாம் ஒரு மனுஷன்!

போனில் புளுகிவிட்டேன். எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு — முடியுமா?

மார்ச் 16

தடை போய்விட்டது. ஆனால் பாஸ்போர்ட்டில் இருக்கும் போன தடையின் முத்திரையை ரத்து செய்ய ஒரு விண்ணப்பம் போட வேண்டும். நம் ஆபீஸ் நம் ஆபீஸ்தான்.

மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் திங்கட்கிழமையே எழுதிப் போட்டேன். 'பயண நோக்கம்' கட்டத்தில் என்ன எழுதுவது? வெறுமனே விட்டுவிட்டேன். அது நாலு மேசை சுற்றி இன்று பரிசீலனைக்கு என் மேசைக்கே வந்தது. விதி என்றால் விதி. சிவப்பு மையில் 'பயண நோக்கம் தெளிவாக இல்லை' என்று எழுதி, எனக்கே தபாலில் திருப்பி அனுப்பினேன்.

மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 20

தபாலை மனைவி பிரித்துவிட்டாள். "இது உங்க கையெழுத்தாச்சே!"

ராத்திரி சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தாள்.

மார்ச் 21

கவர்மென்டே மனசு மாறிடுச்சு. எனக்கென்ன கேடு?

மார்ச் 25, ஞாயிறு

அக்காவின் போன். "எப்படா வர்றே?" என்றாள். பதினான்கு வருடமாகச் சொன்ன வசனம் வாய் வரைக்கும் வந்தது. அதை இனிமேல் சொல்ல முடியாதே.

"அக்கா, அன்னிக்கு லைன் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் சொல்லல."

"தெரியும்டா" என்றாள்.

எங்கள் பக்கத்து வீட்டு டீச்சர், அம்மா இறந்த அன்றைக்கே அவளிடம் போனில் சொல்லிவிட்டாராம்.

"பெட்டியெல்லாம் கட்டிட்டு போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீ கூப்பிடல. கூப்பிடாத வீட்டுக்கு எதுக்குப் போகணும்னு எனக்கும் ரோஷம். என்னை யாருடா தடுத்தா? நானே என்னைத் தடுத்துக்கிட்டேன். அம்மா மூஞ்சியக்கூடப் பாக்கல."

அழுதாள். நானும்தான். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசியில் அக்காவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நேர்ல வா, இருக்கு உனக்கு!" என்றாள்.

மார்ச் 27

புது விண்ணப்பம் எழுதினேன். பயண நோக்கம்: அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள.

தன் விண்ணப்பத்தைத் தானே பரிசீலிக்கக் கூடாது என்ற விதி இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நோக்கம் தெளிவாத்தான் சார் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.