மந்திரக்காரி பொய் சொல்வாளா?

மார்ச் 4

பதிப்பாளரின் யோசனைப்படி இணையதளத்தில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தளபதியின் குதிரைக்கு என்ன வயது? (அதை இரண்டாம் பாகத்தில் கொன்றுவிட்டேன். மூன்றாம் பாகத்தில் தளபதி அதன்மேல்தான் வருகிறாராம். பார்க்க வேண்டும்.) உங்களை எழுதத் தூண்டுவது எது? (பதிப்பாளரின் தொலைபேசி என்று எழுதி அழித்தேன்.) மந்திரக்காரி சொல்லும் குறி தப்புமா? இதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினேன்: "தப்பாது. அது என் உலகத்தின் சட்டம்."

மார்ச் 9

நான்காம் பாகம் நகர்கிறது. வசனங்களை உரக்கப் பேசிப் பார்த்துத்தான் எழுதுவேன். அரண்மனைக்கு எதிரொலி வேண்டும். இந்த வீட்டில் எதிரொலி இருப்பது குளியலறையில் மட்டும். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, கர்ப்பிணி ராணிக்கு மந்திரக்காரியின் குரலில் குறி சொன்னேன்: "இந்தப் பிள்ளை உன் மடியில் தவழாது." எனக்கே சிலிர்த்தது. இது நல்ல அறிகுறியா, நோயா தெரியவில்லை.

மார்ச் 11

'சுவர்க்கோழி' என்ற பெயரில் ஒரு கேள்வி. "பிள்ளை மடியில் தவழாது என்று மந்திரக்காரி ராணியிடம் சொன்னாளே, அது பொய்யாக இருக்கலாம் அல்லவா?"

அந்தக் காட்சியை நான் இன்னும் யாருக்கும் காட்டவில்லை. பதிப்பாளருக்குக்கூட.

யார் இது?

மார்ச் 12

கணவரிடம் கேட்டேன். "அச்சுல வந்ததையே நான் படிக்கல. எழுதிட்டு இருக்கறதையா திருடிப் படிக்கப் போறேன்?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னவற்றில் முழுதாக நம்பக்கூடியது இதுதான். கடவுச்சொல்லை மாற்றினேன்.

மார்ச் 14

கணினியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி தாளில்தான். இன்று குளியலறையில் ராணி புலம்பினாள்: "தொட்டில் செய்யச் சொல்லாதே, தளபதி." பேசினேன், எழுதினேன், தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். திருடட்டும், பார்க்கலாம்.

மார்ச் 15

"தொட்டில் வேண்டாம் என்கிறாளே ராணி. செய்யலாம் என்று நீங்களாவது அவளிடம் சொல்லுங்களேன். – சுவர்க்கோழி."

தாள் இடுப்பில்தான் இருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். ஐயோ, நானே கேள்வி அனுப்பி நானே படிச்சிட்டு இருக்கேனா? சேச்சே, இருக்காது. இருக்குமோ? எல்லா ஜன்னலையும் சாத்தியாச்சு. கூரியர்காரர் மணியடித்தார். திறக்கவில்லை.

மார்ச் 17

வாயே திறக்கவில்லை. அதனால் ஒரு வரியும் ஓடவில்லை. இன்று: "அரண்மனையில் ஏன் சத்தமே இல்லை? ராணிக்கு ஏதாவது ஆகிவிட்டதா?"

குளியலறைப் பக்கம் போகவே பயம். ஏழு வகை அரக்கர்களைப் படைத்தவள், சமையலறைத் தொட்டியில் பல் துலக்குகிறேன்.

மார்ச் 18

வாசலில் மணி. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர். சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தேன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல வயசான அம்மா ஒருத்தங்க இருக்காங்களே..."

"இங்க நானும் அவரும்தான்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ பிள்ளை தங்காதுன்னு சொல்ற அந்தக் குரல் யாரோடது? எங்க வீட்ல அவ மாசமா இருக்கா. ஏற்கெனவே கலைஞ்சிருக்கு. படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே கூடாதுன்னுட்டார் டாக்டர். கட்டில் உங்க குளியலறைச் சுவரை ஒட்டிதான் கிடக்கு. வென்டிலேட்டர் வழியா எல்லாம் விழுது. 'பயப்படாதீங்க, அது கதை, இவங்க புத்தகம் பூரா படிச்சிருக்கேன்'னு எனக்குத் தைரியம் சொல்றா. சொல்லிட்டு அவளே அழறா. அந்தக் கிழவி சொன்னா தப்பவே தப்பாதாமே? நீங்களே எழுதியிருக்கீங்களாம்."

எழுதியிருக்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து.

அவருக்கு என்ன சொல்லி அனுப்பினேன் என்று நினைவில்லை. இத்தனை நாள் சுவருக்கு இந்தப் பக்கம் நான் அவளுக்குப் பயந்தேன். அந்தப் பக்கம் அவள் என் வாக்கியத்துக்குப் பயந்துகொண்டிருந்தாள். எனக்கும் இப்போது அதே பயம். சகுனம் பார்ப்பவர்களைக் கேலி செய்தே கட்டுரைத் தொகுப்பு போட்டவள் நான். ஆனாலும், ஏதாவது ஆயிடுச்சுன்னா?

மார்ச் 19

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். மந்திரக்காரியின் குரலில் சொன்னேன்: "ராணி, நான் சொன்னது பொய். பொறாமையில் சொன்னேன். நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. தொட்டில் செய்யச் சொல்." நான் எழுதியதிலேயே மட்டமான வசனம். கேட்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு சுவரில் மெல்ல ஒரு தட்டல்.

ஏப்ரல் 2

பக்கத்து வாசலில் ஆம்புலன்ஸ். இன்னும் மாசம் இருக்கே!

ஏப்ரல் 6

அங்கே பூட்டுத் தொங்குகிறது. சுவர்க்கோழியிடமிருந்து கேள்வி இல்லை. வேறு யார் கேள்வியையும் நான் படிக்கவில்லை.

ஆகஸ்ட் 20

நான்காம் பாகம் வெளியாகிவிட்டது. வாசகர்கள் கொதிக்கிறார்கள். மந்திரக்காரி எப்படிப் பொய் சொல்லலாம்? உங்கள் உலகத்தின் சட்டம் என்ன ஆயிற்று? ஒருவர் என் மார்ச் மாதப் பதிலை எடுத்துப் போட்டு, கீழே வெறும் கேள்விக்குறி மட்டும் வைத்திருக்கிறார்.

தகுந்த பதிலைப் பேசிப் பார்க்கலாம் என்று குளியலறைக்குப் போனேன். நம் குரல் நமக்கே கேட்கவில்லை. வென்டிலேட்டர் வழியாக, பாலுக்கு வீறிட்டு அழுகிற சத்தம். நல்ல எதிரொலி. வீடெல்லாம் கேட்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.