எலுமிச்சம்பழத்து மேல ஏத்துன காரு

சாமி மஞ்சுளா,

ஆயுதபூசையன்னைக்கு ஷெட்டுல நின்னது உங்கண்ணன் ஜெகதீஸ்வரன், அவன் மகன் கவின், டிரைவர் பச்சமுத்து, நான். லைசென்சு இல்லாத கவின்தான் அந்த இத்தாலிக் காரை எலுமிச்சம்பழத்து மேல ஏத்துன வேகத்துல, அங்க நின்ன, போர்வெல் போடற ரிக் லாரியில கொண்டுபோய் மோதுனான். முன்பக்கம் அப்பளமா நொறுங்கிப்போச்சு.

காரு என் பேருல இருக்குது. அதனால இன்சூரன்சுக்கு நான்தான் கையெழுத்துப் போடோணும்.

"பச்சமுத்து ஓட்டுனான்னு போடும்மா, இல்லீனா கிளெய்ம் கெடைக்காது"ன்னான் உங்கண்ணன்.

இருவத்திரண்டு வருசமா ஒரு கீறல் போடாத மனுசன் பச்சமுத்து. எனக்குக் கை எழும்பல. வேண்டாமுங்கன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பேனாவை வீசியிருப்பேன்.

"போடுங்கம்மா, பரவால்லீங்க"ன்னு அவனே மூடியைக் கழட்டிப் பேனாவைக் குடுத்தான். போட்டுட்டேன்.

இத்தாலியிலிருந்து சாமான் வந்து காரு புதுசாட்டம் நிக்குது. பச்சமுத்தை நம்பி இப்ப ஒருத்தரும் சாவி குடுக்கறதில்லை.

உங்கண்ணனைக்கூட என்னைக்காச்சும் மன்னிச்சிருவேன். மூடியைக் கழட்டிப் பேனாவைக் குடுத்தானே, அந்தப் பச்சமுத்தைத்தான் என்னால மன்னிக்கவே முடியாது.

உன் அம்மா