உப்புப் போடாத வியாழன்

ஜனவரி 20, செவ்வாய்

காலை சைபர். மதியம் நாலு பாகை. மூன்று வாரமாக மைனஸ் பன்னிரண்டு, பதினைந்து என்று கிடந்துவிட்டு இன்றைக்குக் கூரையிலிருந்து சொட்டுச் சத்தம். குழாய் மூடவில்லையாக்கும் என்று இரண்டு தரம் குசினிக்குப் போய்ப் பார்த்தேன்.

செய்ய: ஆரணியின் பூட்ஸ் (தண்ணீர் உள்ளே போகிறதாம்). பால். கராஜ் வாசலில் தேங்கிய தண்ணீர். அம்மாவுக்குப் போன்.

பாடசாலைப் படிவம் ஒன்றுக்கு என் வேலை என்ன என்று மகள் ஆரணி கேட்டாள். சிவா அண்ணையின் பனி அள்ளும் கொம்பனி, டிஸ்பாச்சர் என்றேன். "அது என்ன செய்யிறது?" வானிலையைப் பார்த்து இரவு ட்ரக் போக வேணுமா, தரையில் ஐஸ் பிடிக்காமல் உப்புப் போட வேணுமா என்று சொல்லுகிற வேலை என்றேன். "ஸோ பேசிக்கலி, நீங்கள் கெஸ் பண்ணுறீங்கள்." பதினைந்து வயதுக்கு வாய் கூட. ஆனால் இந்தக் கிழமைக்கு அவள் சொன்னது சரி.

கனடா வானிலை மொடல்: வியாழன் அதிகாலை ப்ளஸ் ஒன்று, முகில். அமெரிக்க மொடல்: ப்ளஸ் மூன்று, மழை. ஐரோப்பிய மொடல்: மைனஸ் ஒன்று, முகில் இல்லாமல் வானம் வெளிப்பு. மூன்றும் படித்த ஆட்கள் செய்ததுதானே. யாரை நம்ப?

குளிர் குளிராக இருந்தால் வேலை சுகம். மைனஸ் பதினைந்து என்றால் எல்லாருக்கும் மைனஸ் பதினைந்து. சைபருக்கு அங்கால் இங்கால் ஆடும்போதுதான் தலை சுற்றுகிறது.

ஜனவரி 21, புதன்

மழைத் தூறல். ஆறு பாகை. தெருவே தெரியாத புகார். முன்வீட்டுக்காரர் அரைக் காற்சட்டையோடு குப்பை வைக்கிறார். என் கணவர் ஷோல் போர்த்திக்கொண்டு கார் கழுவுகிறார். எல்லாருக்கும் ஒரே புளுகம், குளிர் விட்ட சந்தோசம். நான் மட்டும் மூன்று மொடலையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

குணம் அண்ணை மத்தியானம் போன் எடுத்தார். அஜின்கோர்ட் பிளாசாவுக்கு உப்புப் போடுகிற ட்ரக் அவருடையது. ஐந்து குளிர்காலமாக ஒரே கேள்வி: "பிள்ளை, இண்டைக்கு உப்போ, நித்திரையோ?"

"இன்னும் தெரியேல்ல அண்ணை. மூண்டும் மூண்டு கதை சொல்லுது."

"உந்தப் பின்பக்கத்துப் பனிக் குவியல் உருகி ஓடுது. ரேக் அவுட் சாப்பாட்டுக் கடையின்ர பின் கதவடியாலதான் தண்ணி போகுது. பாத்துக்கொள்ளும்."

அந்தக் குவியலை அங்கே தள்ளியதே அவர்தான்.

இரவு பத்து. தாள் நிரப்பினேன். ஒவ்வொரு பாக்கிங் லொட்டுக்கும் ஒரு தாள், ஒரு நாளைக்கு மூன்று வரி: இரவு 10, அதிகாலை 4, காலை 8. காற்று எத்தனை பாகை, தரை எப்படி, உப்புப் போட்டதா இல்லையா, கையெழுத்து. யாராவது விழுந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

நாலு மணி வரியையும் பத்து மணிக்கே எழுதிவிடுவேன். எப்போதும் அப்படித்தான். குளிர்காலம் முழுக்க நாலு மணிக்கு எழும்பிப் போய்ப் பார்க்க ஏலுமா? பிழையாகிவிட்டால் காலையில் வெட்டித் திருத்தலாம். இதுவரை ஒரு தரமும் வெட்டவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எழுதியது: காற்று +1. தரை ஈரம். உப்பு இல்லை.

குணம் அண்ணைக்கு மெசேஜ்: நித்திரை.

ஜனவரி 22, வியாழன்

சரோ அன்ரி விழுந்துவிட்டார்.

காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முந்தி. ரேக் அவுட் கடையின் பின் கதவடி. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. ஏழரைக்குச் சிவா அண்ணை எடுத்துச் சொன்னார். பல் துலக்கிக்கொண்டு நின்றேன், அப்படியே குளியல் தொட்டி விளிம்பில் இருந்துவிட்டேன்.

சரோ அன்ரி அந்தக் கடையில் இடியப்பம் பிழிகிறவர். அறுபத்துநாலு வயது. மெஷின் வாங்கித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னதற்கு, மெஷின் இடியப்பம் மெஷினுக்குத்தான் ருசி என்றவர். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு எண்ணாமல் இரண்டு கூட வைப்பார். அந்தக் கை.

சிவா அண்ணை பத்து மணிக்குப் போய்ப் படம் எடுத்தாராம். அப்போது ஏழு பாகை, நல்ல வெயில். படத்தில் வெறும் ஈரம். ஐஸ் ஒரு துண்டும் இல்லை.

தாளை எடுத்துப் பார்த்தேன். விமான நிலையத்தில் நாலு மணிக்குப் பதிவானது: ப்ளஸ் ஒன்று. நான் எழுதியதும் ப்ளஸ் ஒன்று. சரிதானே. அப்படியென்றால் சரிதானே?

இனி எழுத வேண்டியது. நாலு இருபதுக்கு நான் எழும்பினேன். பாத்ரூம். திரும்பி வரும்போது ஜன்னல் சீலை கொஞ்சம் விலகிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே நட்சத்திரம். முகில் இல்லை. முகில் இல்லாவிட்டால் காற்று ப்ளஸ் ஒன்றில் நின்றாலும் தரை சூட்டை விட்டுவிட்டு உறைந்துபோகும். இதைக் குணம் அண்ணைக்கே படம் கீறிக் காட்டியவள் நான். அவருக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தால் இருபத்தைந்து நிமிடத்தில் அங்கே நின்றிருப்பார்.

போர்வைக்குள் கால் சூடாக இருந்தது. ஒரு பாகைதானே என்று படுத்துவிட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

ஐந்து பாகை. காற்று. வானம் சாம்பல் நிறம். பூட்ஸ் வாங்கியாயிற்று. நிறம் பிடிக்கவில்லையாம்.

கடையில் இடியப்பம் இல்லை. "இண்டைக்குப் புட்டு மட்டும்" என்று மட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எதுவும் வாங்காமல் வந்துவிட்டேன்.

சிவா அண்ணை சந்தோசமாகப் போன் எடுத்தார். எனக்கு அது இன்னும் கஷ்டம்.

"கௌரி, உம்மட தாள்தான் எங்களைக் காப்பாத்திச்சுது. நாலு மணிக்கு ஈரம் எண்டு கையெழுத்தோட கிடக்கு. அவ ஐஸ் எண்டு சொல்லுறா. ஐஸ் எங்க? படத்தில தண்ணிதானே."

"காலமை ஆறு மணிக்கு ஐஸ் இருந்திருக்கலாம் அண்ணை."

"இருந்திருக்கலாம் எண்டால்? நீர் பாத்துத்தானே எழுதினனீர்?"

ஓம் என்றேன். வாய் தானாகச் சொன்னது. இன்சூரன்சுக்கு ஒரு கடிதம் வருமாம். திங்கட்கிழமை நான் கையெழுத்து வைத்தால் போதுமாம்.

நான் பார்த்தது நட்சத்திரமா? இந்தப் பக்கத்தால் விமானம் எத்தனையோ போகிறது. ஒன்றைப் பார்த்தேனா, மூன்றா? நேற்று மூன்று என்று நினைத்தேன். இன்றைக்கு ஒன்று போலத்தான் இருக்கிறது. அரை நித்திரையில் பார்த்ததை வைத்து ஒரு கொம்பனியைக் கவிழ்க்கலாமா?

ஆனால் விமானம் அசையும். அது அசையவில்லை.

ஜனவரி 24, சனி

மூன்று பாகை. பிறகு ஆறு. பிறகு திடீரென்று இரண்டு. மூன்று மொடலும் இன்றைக்கு ஒரே கதை: ஞாயிறு பின்னேரம் திரும்பக் குளிர். இப்போது மட்டும் ஒற்றுமை.

பிளாசாவுக்குப் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. பின்பக்கம். பனிக் குவியல் இடுப்பளவுக்குக் குறைந்து, கறுத்து, அதற்குள்ளிருந்து ஒரு ஷொப்பிங் கார்ட் எட்டிப் பார்க்கிறது. தண்ணீர் கதவடியால் ஓடி வடிகாலுக்குப் போகிறது. அந்த இடத்துக்கு ஒன்பது மணிவரை வெயில் வராது, சுவர் மறைக்கிறது. தரையில் கையை வைத்துப் பார்த்தேன். குளிரில் எரிந்தது. காற்று மூன்று பாகை, தரை வேறு ஏதோ. இங்கே ஒரு தெர்மாமீட்டர் கட்ட வேணும் என்று போன வருடமே எழுதி வைத்திருக்கிறேன். கட்டவில்லை.

குணம் அண்ணை ட்ரக்குக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கண்டுவிட்டார்.

"என்ன பிள்ளை, இஞ்ச நிக்கிறீர்?"

"சும்மா அண்ணை."

"நீர் நித்திரை எண்டு அனுப்பினபடியா நான் படுத்திட்டன். எழும்பிப் பாத்திருக்கலாம், என்ன? அண்டைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல."

அவருக்கும் இறங்கவில்லை. நான் காருக்கு வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான், வேறு சொல் இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

காலை நாலு பாகை. பின்னேரம் வடமேற்குக் காற்று. ஐந்து மணிக்குள் மைனஸ் மூன்று. சொன்னபடி.

சரோ அன்ரியைப் பார்க்கப் போனேன். தோடம்பழம், ஒரு பெட்டி பிஸ்கட். மகனோடு (அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்) இருக்கிறார், அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. கை முழங்கைவரை கட்டு. இடது கையால் எனக்குத் தேத்தண்ணி போட வெளிக்கிட்டார், விடவில்லை.

கதைத்தது முழுக்க எழுதுகிறேன், மறக்கக்கூடாது.

"நோகுதோ அன்ரி?"

"நோவு கிடக்கட்டும் பிள்ளை. எனக்கு ஒண்டு விளங்கேல்ல. நான் ஐஸிலதான் சறுக்கினனான் எண்டு நினைக்கிறன். கன்னத்தில அந்தக் குளிர் பட்டது இப்பவும் கிடக்கு. எல்லாரும் தண்ணி எண்டுகினம். படமும் காட்டுகினம்."

நான் பிஸ்கட் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். திறபடவில்லை.

"உங்கட கொம்பனியிலயும் பாத்து எழுதி வைச்சிருக்கினமாம். அப்ப எனக்குத்தானே பிழை? போன மாதம் அடுப்பை நிப்பாட்ட மறந்தனான். அதுக்கு முந்தி வீட்டுத் திறப்புக் கோர்வையைப் பிறிஜ்சுக்குள்ள வைச்சிட்டன். தம்பி சொல்லுறான் எனக்கு அறளை பெயருது எண்டு. ஞாபகசக்தி பாக்கிற டொக்டரிட்ட புதன்கிழமைக்குத் திகதி எடுத்திருக்கிறான். இனி வேலைக்கும் வேண்டாமாம், கை சுகமானாலும்."

மகன் அடுத்த அறையிலிருந்து: "அம்மா, சும்மா செக் பண்ணத்தான்."

அன்ரி குரலைத் தாழ்த்தி: "பிள்ளை, நீர் காலநிலை படிச்ச ஆள். ஏழு பாகைக்கு ஐஸ் வருமோ? எனக்கு மட்டும் சொல்லும்."

சொல்லியிருக்க வேண்டும். அப்போதே. "காலமை என்ன மாதிரி இருந்ததோ தெரியேல்ல அன்ரி" என்றேன். அவர் தலையாட்டினார். தான் நினைத்தது பிழை என்று அந்தத் தலையாட்டலிலேயே ஒத்துக்கொண்டுவிட்டார்.

லிஃப்டுக்குள் அழுதேன். ஏழாவது மாடியில் ஒரு நாயும் ஒரு மனிசியும் ஏறினார்கள், நிறுத்திவிட்டேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "வேலை போகுமே?" என்றார். தெரியாது என்றேன். "வானிலையைச் சொல்லு, இதைச் சொல்லாத" என்றார், பகிடியாக. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 26, திங்கள்

மைனஸ் பதினான்கு. வானம் நல்ல வெளிப்பு. ஒரு குழப்பமும் இல்லாத குளிர்.

அதிகாலை நாலு மணிக்கு அலாரம் வைத்து எழும்பி வெளியே போய் நின்றேன். அதே ஜன்னலுக்கு நேரே, அதே கூரை. மூன்று நட்சத்திரம், வரிசையாக. அசையவில்லை.

ஒன்பதுக்குச் சிவா அண்ணையின் அலுவலகம். கடிதம் மேசையில் கிடந்தது. அதில் ஒரு வரி: மேற்படி நேரத்தில் தரை நிலையை நேரில் அவதானித்தேன். பேனையை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

"நான் பாக்கேல்ல அண்ணை. பத்து மணிக்கே எழுதிப்போட்டன்."

அவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"எல்லாரும் அப்பிடித்தானே எழுதுறவை."

"நாலு இருபதுக்கு வானம் வெளிச்சுக் கிடந்ததைக் கண்டனான். உறையும் எண்டு தெரியும். குணம் அண்ணையை எழுப்பேல்ல."

"இதை ஆருக்குச் சொன்னனீர்?"

"வீட்டில இவருக்கு மட்டும். வெளியில உங்களுக்குத்தான் முதல்."

கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். "வீட்டை போம், கௌரி. யோசிச்சுச் சொல்லுறன்." கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும். தாளில் வியாழன் நாலு மணி வரியை அவர் முன்னாலேயே வெட்டினேன். கீழே எழுதியது: பார்க்கவில்லை. அவர் தடுக்கவில்லை.

காருக்குள் இருந்தே சரோ அன்ரிக்கு எடுத்தேன்.

"அன்ரி, ஐஸ்தான்."

"என்ன பிள்ளை?"

"அண்டைக்கு விடிய ஐஸ்தான். எனக்குத் தெரியும். நான் பாக்காம ஈரம் எண்டு எழுதினது. நீங்கள் சொன்னதுதான் சரி. எழுதியும் தருவன்."

லைன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, செக்கன் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நேத்து ஏன் சொல்லேல்ல?"

பயம் என்றேன்.

"ம்" என்றார். மன்னித்த ம் இல்லை. பிறகு போனை எங்கேயோ வைத்த சத்தம், மேசையில் போல. நிறுத்த மறந்துவிட்டார். செருப்பு இழுபடுகிற சத்தம். தூரத்தில் அவர் குரல், எனக்குத் தெரிந்த கடைக் குரல், ஓடர் கூப்பிடுகிற குரல்:

"தம்பி! ஐஸ்தானாம்! அந்தப் புதன்கிழமையை வேண்டாமெண்டு சொல்லு!"