கோட்டைச் சீமாட்டிகளின் பாடம் நடந்த நாள்

ரீச்சர்,

எங்கள் தெரு ஒழுங்கை முனையில் யாரோ பழைய ரயரைக் கொளுத்துகிறார்கள். குப்பைதான் எரிகிறது என்று தெரிந்தும் பயம் வருகிறது. யன்னல்களைச் சாத்திவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் கண்மூடிய பின் இந்த மணத்தைப் பற்றிக் கதைக்க எனக்கு ஆளில்லை.

எழுபதுகளின் கடைசி. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்டவிருந்த அந்தப் பெண்கள் பாடசாலையில் நீங்கள் ஐரோப்பிய வரலாறும், வகுப்புகளைப் பிரித்த தட்டிக்கு இந்தப் பக்கம் நான் தமிழும் படிப்பித்தோம். அன்று உங்கள் வகுப்பில் மத்தியகாலச் சீமாட்டிகள் பற்றிய பாடம். "பட்டுடுத்திக்கொண்டு சும்மா இருந்தவையோ ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"சும்மாவோ? காணிக்காகச் சின்ன வயசிலேயே கட்டிக் குடுத்துப்போடுவினம். புருசன் சண்டைக்குப் போனால் கோட்டைச் சாவி இவவின்ரை இடுப்பிலை. தானியம் போதுமோ, காயப்பட்டவனை ஆர் பாக்கிறது, கதவை ஆருக்குத் திறக்கிறது, எல்லாம் இவவின்ரை பொறுப்பு. எதிரி சுத்தி வளைச்சாலும் விட்டிட்டு ஓட ஏலாது" என்றீர்கள்.

அப்போதுதான் கடைத்தெருப் பக்கம் ரயர் எரியும் மணத்தோடு கரும்புகை எழுந்தது. ஊரில் தமிழ், சிங்களக் கலவரம் என்று செய்தி வந்தது. அதிபர் கொழும்புக்குப் போயிருந்தார். உங்கள் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலையில் இருந்தார். அவருக்கு என்ன ஆயிற்றென்று கேட்கத் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. நீங்கள் காவலாளியிடம் சாவியை வாங்கினீர்கள். பிள்ளைகளை மண்டபத்துக்குள் கூட்டி, வாளிகளில் தண்ணீர் நிரப்பச் சொன்னீர்கள். சாப்பிட இருந்த பாண் துண்டுகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும்படி என்னை அனுப்பினீர்கள்.

கேற்றில் தட்டும் சத்தம். கைக்குழந்தையோடு ஒரு சிங்களப் பெண், கடற்கரை மீன்வாடிப் பக்கத்தில் குடியிருந்தவள், கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திறவாதேங்கோ ரீச்சர்," என்றார் காவலாளி. "இவவைத் தேடி ஆக்கள் வந்தால் எங்கடை பிள்ளையளுக்கும் ஆபத்து."

அவர் சொன்னதில் பிழையில்லை. நீங்கள் மண்டபத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு திறந்தீர்கள்.

அவளை உள்ளறையில் இருத்திச் சற்று நேரத்தில் பொல்லு தடிகளோடு சிலர் வந்தார்கள். எங்கள் ஊர்த் தமிழ்ப் பெடியள்தான்.

"அந்தப் பொம்பிளை உள்ளுக்கை வந்தவவோ?"

"உள்ளுக்கை இருக்கிறது என்ரை பிள்ளையள். உங்கடை தங்கச்சிமாரும் இருக்கினம். அதுகளைப் பயப்படுத்தாதேங்கோ தம்பி."

ஒருவன் கேற்றைப் பிடித்து உலுக்கினான். நீங்கள் அசையவில்லை. பின்னால் நின்ற எனக்கு, குழந்தை அழுதுவிடுமோ என்ற ஒரே நினைப்பு. கடைசியில், தங்கச்சி உள்ளே இருந்த ஒருவன், "விடுங்கோடா, போவம்" என்று மற்றவர்களை இழுத்துக்கொண்டு போனான்.

பின்னேரம் பொலிஸ் ஜீப் வந்து தாயையும் குழந்தையையும் ஏற்றிச் சென்றது. பெற்றோர்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். உங்கள் கணவர் மட்டும் வரவில்லை. வெறும் மண்டபத்தில் நாங்கள் இருவரும் ஒரு மரவாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அப்போதுதான் உங்கள் கையைப் பிடித்தேன்; அது குளிர்ந்துபோயிருந்தது.

"அந்தச் சீமாட்டியள் என்னென்ன செய்தவை எண்டு படிப்பிக்கிறன். பயம் வரேக்கை என்ன செய்தவை எண்டு ஒரு புத்தகத்திலையும் இல்லை" என்றீர்கள்.

அடுத்த நாள் காலைதான் உங்கள் கணவர் கரி படிந்த சட்டையோடு வந்து சேர்ந்தார். கண்டதும் ஏசினீர்கள். பிறகுதான் அழுதீர்கள்.

உங்கள் செத்தவீட்டில் எல்லோரும் உங்களைப் பயமறியாதவர் என்றார்கள். ஆனால் அன்று நான் பிடித்துக்கொண்டிருந்த கையின் குளிர் எனக்குத் தெரியும். பயம் வரும்போதெல்லாம் அந்தக் குளிர் என் உள்ளங்கைக்குத் திரும்பி வருகிறது. அதைப் பொத்திக்கொண்டு எழும்பி, செய்யவேண்டியதைச் செய்கிறேன்.