வெளுத்த சாலமாண்டர்கள்

14 ஜூலை 1964

அடுத்த மாதம் கோயம்புத்தூர் கண்காட்சிக்கு என் பெயரைத் தலைமையாசிரியை கொடுத்துவிட்டார். விலங்கியல் அலமாரியில் போத்தலில் பதப்படுத்தி வைத்திருக்கும் இரண்டு சாலமாண்டர்களையும் ஒப்பிட்டுப் பலகை எழுத வேண்டும். ஒன்று டார்ஜிலிங் குளத்தது, மற்றது ஜப்பான் ஓடையது. இரண்டும் அருகி வருகின்றன என்று படித்ததிலிருந்து எனக்கு இவற்றின்மேல் ஒரு பித்து. பிள்ளைகளோ, "பல்லிங்க டீச்சர்!" என்று ஓடுகிறார்கள். பல்லி இல்லை, வாலுள்ள தவளைச் சாதி என்று தொண்டை வற்றச் சொல்லியாயிற்று.

15 ஜூலை

டார்ஜிலிங்காரன் முதுகின் இருபுறமும் மொட்டு மொட்டாகப் புடைப்பு. ஜப்பான்காரன் மெலிந்தவன், வயிறு சிவப்பு. நிறங்களை அப்புறம் விவரமாக எழுதிக்கொள்ளலாம். போத்தல் நீர் மஞ்சளித்துக் கிடந்தது. அட்டெண்டர் நல்லானிடம், "கண்காட்சிக்குப் போறது, நல்லாச் சுத்தம் பண்ணி வைங்க" என்று சொல்லி வந்தேன்.

17 ஜூலை

ஐயோ.

இரண்டும் வெள்ளை! புதுப் பனியன் மாதிரி வெள்ளை! நல்லானின் தம்பி சலவைப் பட்டறையில் வேலை செய்கிறாராம். அங்கிருந்து பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து இரண்டையும் ஊற வைத்திருக்கிறார் நல்லான். "நீங்கதானுங்களே சுத்தம் பண்ணச் சொன்னீங்க."

நாளெல்லாம் பனியன் துணி வெளுக்கும் இந்த ஊரில் சுத்தம் என்றால் வெள்ளை. எனக்கு ஏன் தோன்றவில்லை? பிள்ளைகள் முன்னால், "உனக்கெல்லாம் எதுக்கு வேலை?" என்று கத்திவிட்டேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

20 ஜூலை

டார்ஜிலிங்கில் ஒரு பள்ளிக்கு எழுதி, இன்னொன்று அனுப்பக் கேட்டிருக்கிறேன். நல்லான்மேல் புகாரும் எழுதிவிட்டேன். கொடுத்தால் வேலை போய்விடும் — கொடுப்பதா?

6 ஆகஸ்ட்

பதில் வந்தது. அந்தக் குளத்தை மூடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்களாம். இரண்டு வருடமாக ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையாம். 'எங்கள் பிள்ளைகளுக்கு அதன் நிறத்தையாவது எழுதி அனுப்ப முடியுமா?' என்று கேட்டிருக்கிறார்கள்.

பழுப்பு என்று எழுதினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. ஆறு வருடம் பாடம் நடத்தியவளாம் நான்! வெட்கமாக இருக்கிறது.

7 ஆகஸ்ட்

புகாரைக் கிழித்தேன். நல்லானிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, உடுங்க டீச்சர்" என்று கூச்சப்பட்டார். பிறகு நிறம் கேட்டேன். பதினோரு வருடமாக வாராவாரம் போத்தல் துடைத்தவர், கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"முதுகு காப்பிக்கொட்டை நெறமுங்க. மொட்டு மட்டும் கொஞ்சம் வெளுப்பு. வாலுக்கு அடியில ஒரு கோடு, மஞ்சக்கெழங்காட்ட. ஜப்பான்காரனுக்கு வவுறு செவப்புன்னாலும், மொளகு தூவுனாப்பல கறுப்பு இருக்குமுங்க."

இரண்டு பிரதி எழுதினேன், டார்ஜிலிங்குக்கு ஒன்று, கண்காட்சிப் பலகைக்கு ஒன்று. இரண்டிலும் அடியில் 'நேரில் கண்டவர்' என்ற இடத்தில் நல்லான் என்று போட்டேன். என் பெயரை எழுதக் கை வரவில்லை.