கேற்றுக்கு வெளியே எடுத்த படம்

செவன் ஹில்ஸ்

அன்பு மகள் ராகவிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், சுகம் என்றால் காய்ச்சல் தடிமன் இல்லை, அவ்வளவுதான். மெல்பேர்னில் குளிர் தொடங்கியிருக்கும், உமக்கு ஒரு குறையும் வராமல் கேரம் டவுன்ஸ் கோயில் சுவாமி பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் அப்பாவுக்குக் கேட்டுவிடும், அதனால்தான் கடிதம். அவருடைய கண்ணாடிப் போத்தல் தொழிற்சாலையில் புகையைக் குறைக்க என்று உலையை நிறுத்தியது உமக்குத் தெரியும், அவர்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதுவதே உம்முடைய கம்பனிதானே. ஆனால் தனக்கு வேறு பகுதியில் வேலை தந்துவிட்டார்கள் என்று அப்பா உமக்குச் சொன்னது பொய். இளம் ஆட்கள் சிலரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கேக் வெட்டிக் கைகொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் இப்போதும் விடிய எழும்பிக் குளித்து வெளிக்கிட்டுக் கதிரையில் இருக்கிறார், போக இடமில்லை. ஏன் பிள்ளையிட்ட மறைச்சனீங்கள் என்று கேட்டேன். அவள் படிச்சுப் பிடிச்ச வேலை, என்னால அவளுக்கு மனம் குழம்பக்கூடாது என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, பிறகு மனம் கேட்காமல் கொண்டுபோய் வைத்தேன்.

புகை குறைந்து வெக்கை தணியவேண்டும்தான் மகள், போன கோடையில் இந்த வீட்டுக்குள் வெந்தது நாங்கள்தானே. ஆனால் போத்தல் வாங்குவதை ஒருவரும் நிறுத்தவில்லை. உலையை நிறுத்திய அதே கம்பனி இப்போது வெளிநாட்டில் செய்த போத்தலைக் கப்பலில் கொண்டுவந்து இறக்குகிறது. இங்கே இருந்த புகை அங்கே போயிருக்கிறது, தன் குப்பையைப் பக்கத்து வளவுக்குள் தள்ளிவிட்டு முற்றம் சுத்தம் என்பது மாதிரி. இதற்கு உங்கள் அறிக்கையில் என்ன பெயரோ தெரியாது, எங்கள் ஆட்களிடம் இதற்கு நல்ல பெயர் இல்லை. நீர் கெட்டிக்காரி, இது உமக்குத் தெரியாமல் இருக்காது என்பதுதான் என் கவலை.

மாற்றத்தை மகிழ்ச்சியோடு ஏற்ற தொழிலாளி என்று அறிக்கையில் போட அப்பாவின் படம் கேட்டிருந்தீர். முகம் வழித்து, வேலைக்குப் போடும் மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். தொழிற்சாலைக்குள்ளே விடமாட்டார்கள், கேற்றுக்கு வெளியே நின்றுதான் சிரித்தார், நான்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அங்கியைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடும், கண் முழிக்காதேயும், நல்லாக இரும். படத்தை இதோடு வைத்திருக்கிறேன். போடுவதானால் அவருக்கு வேலை போனதையும் கீழே எழுதும். அதை எழுத உம்முடைய ஆட்கள் விடமாட்டார்கள் என்றால் நீரே வைத்துக்கொள்ளும், உம்முடைய அப்பாதானே.

என்றும் உம்மையே நினைத்திருக்கும் அம்மா,
நாகேஸ்வரி