மேல் தட்டுச் செடியின் பச்சைச் சீட்டு

இன்று காலை ஏழு இருபதுக்கு என் லுங்கி உன் செடியைக் கீழே தள்ளிவிட்டது. பால்கனிக் கொடியிலிருந்து உருவும்போது லுங்கியின் ஓரம் முள்ளில் மாட்டியது. நான் இழுத்தேன். ஸ்டூலிலிருந்து தொட்டி சாய்ந்தது. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. செடியின் ஒரு கை மட்டும் ஒடிந்து, ஒடிந்த இடத்திலிருந்து பால் சொட்டியது. வெள்ளை வெளேரென்ற பால்.

"ஜெயிச்சிட்டேன்!" என்று கத்தினேன். எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து பார்த்தார். லுங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கிழவன் வெற்றிக் கூச்சல் போட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. உள்ளே போய்விட்டார்.

நம் வழக்கு அவருக்குத் தெரியாது. கள்ளியும் கேக்டஸும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வேறு வேறு குடும்பம். கீறினால் கள்ளியில் பால் வரும். கேக்டஸில் அநேகமாக வராது. கேக்டஸின் முள் பஞ்சு வைத்த குட்டி மெத்தையிலிருந்து முளைக்கும். கள்ளிக்கு அந்த மெத்தை கிடையாது. இவ்வளவையும் நீ எனக்குச் சொன்னது, என் தலையைக் குழாய்க்கு அடியில் பிடித்தபடி.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலைக்கு நீ பாதுகாப்பு அதிகாரி. நான் செய்தியாளன். ஆலை வாசலில் என் எல்லாக் கேள்விக்கும் நீ சொன்ன ஒரே பதில், "மொதல்ல ஹெல்மெட் போடுய்யா." இருவரும் ஓய்வு பெற்ற பிறகுதான் வீட்டுக்குக் கூப்பிட்டாய். மாடி முழுக்க முள். நான் ஒரு திருகுகள்ளியை ஒடித்துப் பார்த்துவிட்டு அதே விரலால் கண்ணைக் கசக்கினேன்.

"கண்ண மூடாத! தொற!"

"எரியுதுய்யா!"

"பேசாத, வாயில தண்ணி போவுது. இன்னும் ஒம்போது நிமிசம்."

கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் கழுவிவிட்டு டாக்டரிடமும் இழுத்துப்போனாய். மறுவாரம் எல்லாத் தொட்டியிலும் ஆலைப் பாணியில் சீட்டு தொங்கியது. பால் உள்ளதற்குச் சிவப்பு, இல்லாததற்குப் பச்சை. பின்பக்கம் மூன்று கட்டங்கள்: நாள், கண்டது, நடவடிக்கை.

பிற்பாடு நீ மேல் தட்டுக்கு ஏற்றிவிட்ட இந்தச் செடிக்குப் பச்சை கட்டியிருந்தாய். முழ உயரம், நான்கு விளிம்பு, முள் இரண்டிரண்டாக.

"இது கள்ளி," என்றேன்.

"முள்ளுக்கு அடியில பஞ்சு இருக்குது பாரு. கேக்டஸ்."

"அது பஞ்சு இல்லய்யா, உங்க தொழிற்பேட்டை தூசி. தொடச்சிப் பாத்துருவோம்."

"தொடாத. சாட்சிய அழிக்கிறியா?"

"ஊசி ஒண்ணு குடு. குத்துனா தெரிஞ்சிடும்."

"குத்தி வாங்குற வாக்குமூலம் செல்லாது. பூ வரட்டும், பாக்கலாம்."

பூ வரவில்லை. நான் வந்துகொண்டிருந்தேன். ஓய்வுக்குப் பின் வேப்பம்பட்டு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமும் பேசாமல் கிடந்தவன், ஞாயிறுதோறும் பூதக்கண்ணாடியோடு கிளம்பி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, உன்னைத் தோற்கடிக்க வந்தேன். ஐந்து வருடம். உன் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரி, இட்லித் தட்டோடு மாடிப்படியில் நிற்பார்.

"இன்னாண்ணே, ரெண்டு பேரும் இன்னும் அந்த முள்ளயே பாத்துகினு கீறீங்க? நாஷ்டா ஆறுது."

நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் துடைப்பக் குச்சியை மண்ணில் செருகி எடுத்துக் காட்டுவாய். ஈரம் ஒட்டியிருந்தால் சொம்பைப் பிடுங்கிவிடுவாய். "இதெல்லாம் காஞ்சி சாவாது. நம்ம பாசத்துலதான் அழுவிச் சாவும்." ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஆபத்தில்லாத பச்சைச் சீட்டுச் செடி ஏன் எட்டாத உயரத்தில்? நான் ஸ்டூல் போட்டு ஏறினால் ஏன் "எறங்கு, எறங்கு" என்று அப்படிப் பதறினாய்? தோல்வி பயம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

நீ போய் ஏழு மாதம். காரியம் முடிந்த அன்று உன் மனைவி தொட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "உங்க கேசு இது. நீங்களே வச்சிக்கங்க." அதன்பின் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வழக்காட ஆளில்லாத ஊருக்கு இரண்டு ரயில் எதற்கு என்று மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்று கையுறை மாட்டி, பாலைத் துடைத்து, தவறான அந்தச் சீட்டைக் கழற்றினேன். வெற்றியை முறைப்படி பதிவு செய்ய வேண்டுமே. முள்ளுக்குப் பயந்து இதுவரை திருப்பிப் பார்க்காத சீட்டு அது. நாற்பது வருடம் செய்தி சேகரித்தவனின் லட்சணம்! பின்பக்கம் உன் கையெழுத்து இருந்தது.

நாள் என்ற கட்டத்தில் ஒரு தேதி. பழைய டைரியை எடுத்து ஒப்பிட்டேன். நம் சண்டை தொடங்கிய ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய். கண்டது: ஊசியால் குத்தினேன். பால். நடவடிக்கை: நிருபரிடம் சொல்ல வேண்டாம். எட்டாத உயரத்தில் வைக்கவும்.

ஐந்து வருட வழக்குக்கு இரண்டே நாளில் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறாய். முதலாளி கேட்டும் ஒரு சீட்டைப் பொய்யாகக் கட்டாதவன் நீ.

பிறகு உன் மனைவிக்குப் போன் செய்தேன்.

"இன்னாண்ணே, ஊடு மறந்துபோச்சா? ஏழு மாசமா ஒரு ஆளுக்கு இட்லி ஊத்தினு கீறேன். அது போவட்டும், அந்தச் செடி கள்ளியா, கேக்டஸா?"

"இன்னும் தெரியலம்மா. ஞாயித்துக்கெழம எடுத்துகினு வரேன். நீயும் ஒருவாட்டி பாரு."

"எனக்கு இன்னா தெரியும் அதப் பத்தி?" பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "சரி வாங்க. ஆறதுக்குள்ள வந்துருங்க."

ஒடிந்த துண்டை நிழலில் வைத்திருக்கிறேன். காயம் உலர்ந்ததும் நட வேண்டும். உன் வரிக்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு எழுதினேன். கண்டது: பால். நடவடிக்கை: தங்கச்சியிடம் சொல்ல வேண்டாம். எட்டாத உயரத்தில் வைக்கவும்.

பச்சைச் சீட்டை இருந்த இடத்திலேயே திரும்பக் கட்டினேன். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். அதற்குப் பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.